ஒரே ஓம், வேறு வேறு வாட்

குண்டு பல்பு ஒன்று, வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ராடு ஒன்று. பல்பின் தலையில் 100 வாட் என்று அச்சடித்திருக்கிறது. ராடின் கைப்பிடியில் 1500 வாட். இரண்டையும் எந்தப் பிளக் பாயிண்டிலும் செருகாமல் மேசைமேல் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை ஓம் அளக்கும் இடத்துக்குத் திருப்புவோம். முதலில் ராடு. பிளக்கின் தடித்த எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களிலும் மீட்டரின் முனைகளை வைத்தால், திரையில் 35-ஐ ஒட்டி ஓர் எண் வந்து நிற்கும். அடுத்து பல்பு. அதன் அடியில் இருக்கும் இரண்டு ஈயப்பொட்டுகளிலும் முனைகளை வைத்தால் 40-க்குக் கிட்டத்தில் காட்டும்.

மின்தடை என்பது மின்சாரத்தின் ஓட்டத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு. அதை ஓம் என்ற அலகில் சொல்கிறோம். எதிர்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது மீட்டர். வீட்டுக்கு வரும் மின்சாரமும் இரண்டுக்கும் ஒரே 230 வோல்ட்தான். அப்படியிருக்க ராடு 1500 வாட் இழுத்து வாளியை ஆவி பறக்க வைக்கிறது. பல்பு 100 வாட்டோடு நின்றுவிடுகிறது. மீட்டர் சொல்கிற 40 ஓமை நம்பிக் கணக்குப் போட்டால் பல்பு 1300 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். மீட்டர் பொய் சொல்கிறதா, பல்பில் அச்சடித்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். அவிழ்க்க வேண்டிய முடிச்சு, ஓம் என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தத்தோடு கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும். மின்சாரத்தில் இந்த அழுத்தத்துக்கு மின்னழுத்தம் என்று பெயர், அலகு வோல்ட். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது வரத்து. மின்சாரத்தில் அது மின்னோட்டம், அலகு ஆம்பியர். குழாய் ஒடுக்கமாகவோ உள்ளே உப்புப் படிந்தோ இருந்தால், அதே உயரத்துத் தொட்டியிலிருந்தும் வரத்து குறையும். மின்தடை அந்த ஒடுக்கம். இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. குழாய் உடைந்தால் தண்ணீர் கொட்டும். கம்பி அறுந்தால் மின்சாரம் கொட்டாது, நின்றுவிடும். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகக் காட்டும். குழாய் வாயில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்துச் சுழற்ற நினைத்தால் உயரம் மட்டும் இருந்து பயனில்லை, வரத்து மட்டும் இருந்தும் பயனில்லை. உயரத்தையும் வரத்தையும் பெருக்கினால் வருவதுதான் சக்கரத்துக்குக் கிடைக்கும் திறன். மேட்டூர் அணையடியில் மின்சாரம் எடுப்பதும் இந்தப் பெருக்கலை நம்பித்தான்.

ஆக, கையில் இரண்டு அளவுகள் இருந்தால் போதும். எத்தனை வோல்ட் தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது ஓர் ஆம்பியர் ஓட வைக்க எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்ற கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கு. இதற்கு மின்திறன் என்று பெயர். ராடு ஓடும்போது எலக்ட்ரீஷியன் தன் கிளாம்ப் மீட்டரை ஒற்றைக் கம்பியில் கவ்வவிட்டுப் பார்த்தால் 6.5 ஆம்பியர் காட்டும். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் 35 ஓம், பெருக்கினால் 1500 வாட். மேசைமேல் கிடைத்த 35-உம் கைப்பிடியில் இருந்த 1500-உம் அப்படியே வந்துவிட்டன. எரியும் பல்பில் இதையே செய்தால் 0.43 ஆம்பியர்தான் வரும். பெருக்கினால் 99 வாட், அச்சடித்த எண்ணுக்குப் பழுதில்லை. வகுத்தால் 535 ஓம்! மேசைமேல் 40 ஓமாக இருந்த அதே பல்பு எரியும்போது பதிமூன்று மடங்கு தடையோடு இருக்கிறது.

மல்டிமீட்டர் எப்படி ஓமை அளக்கிறது என்று பார்த்தால் இதில் பாதி தெளிந்துவிடும். ஓமை நேரடியாக அளக்க ஒரு வழியும் கிடையாது. மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி, பொருளின் வழியாகத் தனக்குத் தெரிந்த அளவு மின்னோட்டத்தை மிகக் கொஞ்சமாக அனுப்புகிறது. அதற்கு எத்தனை வோல்ட் தேவைப்பட்டது என்று பார்த்து வகுத்து, விடையை மட்டும் திரையில் காட்டுகிறது. நாம் காகிதத்தில் செய்த வகுத்தலை அது பெட்டிக்குள் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது அனுப்பும் ஓட்டம் மிகச் சிறியது. பல்பின் இழை கொஞ்சம்கூடச் சூடாகாது. ஆகவே மீட்டர் சொன்னது தூங்குகிற பல்பின் தடை. 230 வோல்ட்டில் எரிகிற பல்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. உலோகத்துக்குள் மின்சாரம் என்பது எலக்ட்ரான்களின் நகர்வு. உலோக அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றபடி அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடு ஏற ஏற அதிர்வு கூடி, எலக்ட்ரான்களின் வழி மறிக்கப்படுகிறது. குளிர்ந்த இழையில் சுவிட்சைப் போட்ட கணத்தில் தடை 40 ஓம்தான் என்பதால், ஐந்தாறு ஆம்பியர் பாய்கிறது. பாய்ந்த ஓட்டம் இழையைச் சூடாக்குகிறது, சூடு தடையை ஏற்றுகிறது, ஏறிய தடை ஓட்டத்தைக் குறைக்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் எல்லாம் அடங்கி 0.43 ஆம்பியரில் நிலைத்துவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாது. சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று ஒருமுறை மின்னிவிட்டுத்தான் போகும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வயதாகி மெலிந்துபோன இழை அந்த முதல் கணத்துப் பாய்ச்சலைத் தாங்குவதில்லை.

ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக்கலவை; அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906-இல் காப்புரிமை பெற்றது. இரண்டு விதமான அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடப்பதால் எலக்ட்ரான்களின் வழி ஏற்கெனவே கரடுமுரடாக இருக்கிறது. சூடு வந்து புதிதாகக் கெடுக்க அங்கே அதிகம் இல்லை. தண்ணீருக்குள் இருப்பதால் ராடு பல்பின் இழை போலத் தகிப்பதும் இல்லை. அதனால் தூங்கும்போதும் வேலை செய்யும்போதும் அதற்கு அதே 35 ஓம். எடிசனின் காலத்துப் பல்புகளில் டங்ஸ்டனுக்குப் பதில் கரி இழை இருந்தது. கரியின் குணம் இதற்கு நேரெதிர். சூடு ஏறினால் தடை இறங்கும்.

எனவே மின்தடை என்றால் பொருளின் மேல் பச்சை குத்திய எண் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். குறிப்பிட்ட ஒரு நிலையில் எடுத்த இரண்டு அளவுகளின் ஈவு அது. எந்தப் பொருளிலும், எந்த நிலையிலும் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கலாம். ஏதோ ஓர் எண் வரும். அந்த எண் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் மாறாமல் இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. ஓம் விதி என்று பாடப்புத்தகம் சொல்வது வகுத்தலை அல்ல, அந்த மாறாமையை. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் விதியும் அல்ல அது. வெப்பநிலை மாறாமல் இருக்கும்வரை உலோகங்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன. பள்ளியில் இதை ஒரு வரிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதால், கண்டுபிடிப்பு எது, வெறும் கணக்கு எது என்ற வேறுபாடு மாணவர் மனதில் பதியாமலே போகிறது. அது பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மாறாமையைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கெயோர்க் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. தாமாகவே படித்து, பிள்ளைகளுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ஓமுக்குப் பட்டறைக் கைப்பழக்கம் அங்கிருந்து வந்தது. கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடப் புறப்பட்டார். அவரிடம் வோல்ட்மீட்டர் இல்லை, அம்மீட்டர் இல்லை. வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே அப்போது கிடையாது. ஓட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்பும் என்பது மட்டும் தெரியும். மெல்லிய உலோகப் பட்டையில் ஊசியைத் தொங்கவிட்டு, திரும்பிய ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். அந்த முறுக்கம்தான் அவருடைய அம்மீட்டர்.

1825-இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு தவறாகப் போயிற்று. குறை அவருடைய பேட்டரியில் இருந்தது. அன்றைய வோல்டா அடுக்கு, கம்பியை மாட்டியதும் துள்ளும், பிறகு சோர்ந்துபோகும். அளக்கிற நேரத்துக்குள்ளேயே தள்ளுகிற அழுத்தம் மாறிக்கொண்டிருந்தால், கம்பியின் குணம் எது, பேட்டரியின் குணம் எது என்று எப்படிப் பிரிப்பது? ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த பொகெண்டார்ஃப் ஒரு வழி சொன்னார். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன்னால் சீபெக் கண்டுபிடித்திருந்தார். வெப்பமின் இரட்டை என்று இதைச் சொல்லலாம். பேட்டரியை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்துங்கள் என்றார் பொகெண்டார்ஃப்.

ஓம் ஒரு பிஸ்மத் துண்டின் இரு முனைகளிலும் செம்பை இணைத்தார். ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் சூடும் உருகும் பனியின் குளிரும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஆகவே தள்ளும் அழுத்தமும் அசையாது. அது மிகச் சிறிய அழுத்தம், ஆனால் நிலையானது. அது போதும். பிறகு 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை நீளமுள்ள, ஒரே தடிமனான எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி ஊசியைப் பார்த்தார். கம்பியின் நீளத்தோடு மாறாத எண் ஒன்றைக் கூட்டி, அதைக் கொண்டு மாறாத இன்னோர் எண்ணை வகுத்தால், ஊசியின் முறுக்கம் அச்சாக வந்தது. கூட்டிய எண், சுற்றின் மற்ற பாகங்களில் இருந்த தடை. வகுபட்ட எண், தள்ளும் அழுத்தம். சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளியை மாற்றியபோது இந்த இரண்டாவது எண் மட்டும் மாறியது, முதலாவது அப்படியே இருந்தது. தள்ளுவது வேறு, தடுப்பது வேறு என்று இரண்டும் அங்கே பிரிந்து நின்றன. 1826-இல் இதை வெளியிட்டு, மறுவருஷம் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஜெர்மனியில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாட்டிலும் மதிப்பு வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஓமுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1781-இல், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இந்த உறவைக் கண்டிருந்தார். அவருடைய மீட்டர் அவருடைய உடம்பு. உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தம் மேல் பாயவிட்டு, எந்தக் குழாயில் எவ்வளவு அதிர்ச்சி என்று ஒப்பிட்டார். யாரிடமும் வாய்திறந்து பேசாத மனிதர். எழுதி வைத்ததைப் பெட்டியில் போட்டுவிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1879-இல், மேக்ஸ்வெல் அந்தத் தாள்களைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தயவுசெய்து இந்த முறையை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

வகுத்தலின் கதை இது. பெருக்கலின் கதை இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூலுடையது. இருபத்திரண்டு வயதை ஒட்டி அவர் செய்த சோதனையைப் பார்த்தால் நம் ஹீட்டர் ராடின் பாட்டனை அடையாளம் கண்டுகொள்ளலாம். கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, தண்ணீர் ஜாடிக்குள் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, தெர்மாமீட்டரில் தண்ணீரின் சூடு எவ்வளவு ஏறியது என்று பார்த்தார். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் சூடு இரட்டிப்பாகவில்லை, நான்கு மடங்கானது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. காரணம் ஓம் ஏற்கெனவே சொன்னதுதான். ஒரே தடையில் இரண்டு மடங்கு ஓட்டம் வேண்டுமானால் இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும். அழுத்தமும் இரண்டு, ஓட்டமும் இரண்டு, பெருக்கினால் நான்கு.

இதை நம் வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஜூல் பட்ட கஷ்டமும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம். ஈ.பி. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பல மீட்டர்களில் 3200 என்ற எண் இருக்கும். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அதற்கு அர்த்தம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. (உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) ஃபிரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ராடை வாளித் தண்ணீரில் வைத்து அதை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 230 வோல்ட் முழுதாக வந்துகொண்டிருந்தால் 80 முறை மின்னும். 67 முறைதான் மின்னியதா? ராடு கெட்டுப்போய்விடவில்லை. 1250 வாட்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டுக்கு 210 வோல்ட்தான் வருகிறது. வோல்ட்மீட்டரைத் தொடாமலே வோல்ட்டேஜைக் கண்டுபிடித்துவிட்டோம். 20 வோல்ட் குறைவு என்பது நூற்றுக்கு ஒன்பதுக்கும் கீழே, ஆனால் வாட் நூற்றுக்குப் பதினேழு குறைந்துவிட்டது. அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் சேர்ந்து குறைகிறது. அடி இரண்டு பக்கமும் விழுகிறது. கோடையில் லோ வோல்ட்டேஜ் வந்து 180-ஐத் தொட்டால், 1500 வாட் ராடு 920 வாட் ராடாகிவிடும். முழு அழுத்தத்தில் 20 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற 16 நிமிஷம் ஆகும். 180 வோல்ட்டில் 26 நிமிஷம். அப்படியானால் ராடின்மேல் எழுதியிருக்கும் 1500 வாட் யாருடையது? ராடுக்கும் 230 வோல்ட்டுக்கும் சேர்த்து எழுதிய எண் அது.

அதே மின்னலை எண்ணினால் நம் ஊர் 'ஜீரோ வாட்' பல்பின் குட்டும் வெளிப்படும். ஜீரோ வாட்டில் எதுவும் எரியாது. பழைய ஜீரோ வாட் குண்டு பல்புகள் 15 வாட்டை ஒட்டி இழுப்பவை. அது மட்டும் எரியும் ராத்திரியில் மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தால் ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒருமுறை மின்னும். உட்காரப் பொறுமை வேண்டும்.

இனி, படித்தவர்களையும் தடுமாற வைக்கும் கேள்வி. தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா? ஜூலைக் கேட்டால் ஓட்டத்தின் இருபடியைத் தடையால் பெருக்கு என்கிறார். தடை கூடினால் சூடு கூடும். ஆனால் 1500 வாட் ராடின் தடை 35 ஓம். எரிகிற 100 வாட் பல்பின் தடை 535. குறைந்த தடைதான் அதிகச் சூட்டைத் தருகிறது. இரண்டு பதிலும் சரி. எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வீட்டு வயரிங்கில் ஒவ்வொரு கருவிக்கும் அழுத்தம் ஒன்றே. அங்கே தடை குறைந்தால் ஓட்டம் கூடி வாட் கூடும். ஒரே ஓட்டம் வரிசையாகப் பல பொருள்களின் வழியே போகிற இடத்தில் நிலைமை தலைகீழ். கல்யாண வீட்டு சீரியல் செட்டில் பல்புகள் இப்படித்தான் கோத்திருக்கின்றன. ஒரு 40 வாட் பல்பையும் ஒரு 100 வாட் பல்பையும் இப்படி வரிசையாக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால், 40 வாட் பல்பு நன்றாக எரியும். 100 வாட் பல்பின் இழை லேசாகச் சிவந்தாலே அதிகம். தடை அதிகமுள்ளது 40 வாட் பல்பு, ஓட்டம் பொதுவானது, ஆகவே அழுத்தத்தில் பெரும்பங்கை அது எடுத்துக்கொள்கிறது. பங்கு குறைந்த 100 வாட் பல்பு குளிர்ந்து, தடை இன்னும் இறங்கி, கிடைத்த பங்கையும் விட்டுக்கொடுக்கிறது.

வகுத்தலும் பெருக்கலும் நேராகப் பொருந்தாத இடங்களும் வீட்டில் உண்டு. மிக்ஸியின் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துத் தடையைப் பார்த்து, அதைக் கொண்டு வாட் கணக்குப் போட்டால் அதில் எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு வரும். ஓடுகிற மோட்டார், தன்னைச் சுழற்றும் மின்சாரத்துக்கு எதிராகத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஓட்டத்தை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு அந்த எதிர் அழுத்தத்துக்கு. தேங்காய்ச் சில்லு பிளேடில் சிக்கிச் சுழற்சி நின்றால் எதிர் அழுத்தமும் நின்றுபோகிறது, கம்பிச்சுருளின் சின்னத் தடை மட்டும் மிஞ்சுகிறது, ஓட்டம் எகிறுகிறது. மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் டக்கென்று வெளியே வருவது அந்த நேரத்தில்தான். எல்இடி பல்பு இன்னொரு விதம். அதற்குள் ஒரு சின்ன மின்னணுச் சுற்று உட்கார்ந்து, வருகிற வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி வாங்கி வெளிச்சத்தைச் சமாளிக்கும் வகைகள் பல உண்டு. வகுத்து வரும் எண் அங்கே வோல்ட்டுக்கு வோல்ட் மாறும்; ஓம் என்று அதைச் சொல்வதில் பொருளில்லை.

கடைசியாக, எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் ஒரு பொருள்: கருகிய பிளக். கீசர் 2000 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 8.7 ஆம்பியர், தடை 26 ஓமுக்குச் சற்று மேல். பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டிய சாக்கெட்டின் பித்தளைத் தகடு தளர்ந்து, பின்னில் கருப்புப் படிந்து, அந்தத் தொடுமிடத்தில் 0.2 ஓம் தடை முளைத்திருக்கிறது. 26-க்கு முன்னால் 0.2 ஒரு பொருட்டா? கீசரின் ஓட்டம் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலச் சூடாகும். ஆனால் அதே 8.7 ஆம்பியர்தான் அந்தத் தொடுமிடத்தின் வழியாகவும் போக வேண்டும். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி, 0.2-ஆல் பெருக்கினால் 15 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான். அதில் பாதிக்கு மேல், ஓர் அரிசி அளவு இடத்தில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் தினமும் அரை மணி நேரம் எரிகிறது. சூட்டில் தகடு மேலும் தளர்கிறது, கருப்பு மேலும் படிகிறது, தடை மேலும் ஏறுகிறது. குண்டு பல்பில் சூடு ஏறத் தடை ஏறி ஓட்டத்தை அடக்கியது. இங்கே ஓட்டத்தைத் தீர்மானிப்பது கீசர் என்பதால் அடக்க ஆளில்லை. ஏறுகிற தடை முழுதும் சூடாகவே மாறுகிறது.

இந்த 0.2 ஓமை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்துப் பிடிக்க முடியாது. மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அந்த அளவு தடை உண்டு. முனைகளை ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2, 0.3 என்று காட்டும். சரியான வழி மறுபடி அந்தப் பழைய வகுத்தல். கீசர் ஓடும்போது அந்தத் தொடுமிடத்தின் இருபுறமும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் அளக்கிறார். 1.7 வோல்ட் காட்டினால், 8.7-ஆல் வகுத்தால் 0.2. நாமே கையில் மீட்டரைப் பிடித்து இதைச் செய்யக் கூடாது. நமக்குக் கீசரை அணைத்து, சுவிட்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்களின் நிறத்தைப் பார்த்தால் போதும். ஒரு பின் மட்டும் கருத்திருந்தால் பலரும் கடைக்குப் போய் பிளக்கை மட்டும் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். சில மாதங்களில் அதுவும் கருகும். பிடிப்பு தளர்ந்த தகடு சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்குள் அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டியது இரண்டையும். அதுவும் 2000 வாட்டுக்கு 6 ஆம்பியர் சின்ன சாக்கெட் போதாது, 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்தான் வேண்டும்.